மருந்தும் அது சேர வேண்டிய இடமும்

நோய் உடம்பின் ஓரிடத்தில் குடிகொண்டிருக்க, அதற்கென்று கொடுக்கும் மருந்து உடம்பு முழுவதும் பரவிப் போகிறது என்பது வைத்திய சாஸ்திரத்துக்கு வெகுகாலமாக இருந்துவரும் சங்கடம். ஒரு பாத்தி நனைய வேண்டும் என்பதற்காக ஏரி மதகையே திறந்துவிட்டு, வயல் முழுவதும் மூழ்கிய பிறகு அந்தப் பாத்தியில் நீர் ஏறியதா என்று பார்க்கிற காரியத்தைத்தான், மாத்திரையை விழுங்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வைத்தியர்கள் செய்துவருகிறார்கள். சில நாட்களில் தீர்ந்துவிடும் ஜுரத்துக்கு இம்முறையால் பெரிய கேடு விளைவதில்லை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் ஒரு மனிதரோடு கூடவே வாழும் நோய்க்கு, அத்தனை ஆண்டுகளும் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க நேரும்போது, மருந்தினால் வரும் கேடு நோயினால் வரும் கேட்டோடு போட்டியிடத் தொடங்குகிறது. அத்தகைய நோய்களில் தலையாயது, கிராமங்களில் சரவாங்கி என்றும் மருத்துவமனைகளில் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் மூட்டழற்சி. நானோ துகள்கள் என்னும் மிக நுண்ணிய கலங்களில் மருந்தை அடைத்து, அழற்சி கண்ட மூட்டுகளுக்கு மட்டும் அதைக் கொண்டு சேர்க்க முடியுமா என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி, எங்கே தொடங்கி எதுவரை வந்திருக்கிறது, எதில் தேறியிருக்கிறது, எதில் தடுமாறுகிறது என்பதை நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் ஸ்வபாவத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு மிக மெல்லியது. ஒன்று முதல் மூன்று வரிசை உயிரணுக்களே அதன் கனம். கழிவுகளை விழுங்கித் தூய்மை செய்யும் மேக்ரோபேஜ் அணுக்களும், மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் திரவத்தைச் சுரக்கும் நாரணுக்களும் அங்கே அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, காரணம் முழுதும் விளங்காத ஏதோ ஒரு தூண்டுதலால் உடம்பையே பகையாகக் கொள்ளும்போது, இந்தச் சவ்வு தடித்து வீங்குகிறது, ரத்தத்திலிருந்து மேலும் மேலும் அணுக்கள் வந்து குவிகின்றன, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 முதலிய அழற்சிப் புரதங்கள் சுரந்து, ஒன்றையொன்று தூண்டி, அழற்சியை அணையாமல் வைத்திருக்கின்றன. தடித்த சவ்வு குருத்தெலும்பின்மேல் படர்ந்து அதை அரிக்கிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் அதன் அடியில் பெருகுகின்றன. வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இந்நோய் வருகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 1967ஆம் ஆண்டு மனிதனுக்கு மனித இருதயத்தை முதன்முதலில் மாற்றிப் பொருத்திய தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டின் கைகளை இதே நோய் பற்றிக்கொண்டதனால், அவர் 1983இல் அறுவைச் சிகிச்சையையே கைவிட நேர்ந்தது. புகழ்பெற்றவரின் கைகள் என்பதால் உலகம் அறிந்தது. காலையில் எழுந்து குழாயைத் திருகவும் மாவு பிசையவும் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் மாட்டவும் முடியாமல் கண்ணீர் விடும் எத்தனையோ தாய்மார்களின் கைகளைப் பற்றி எழுதுவார் இல்லை.

இந்நோய்க்கு இன்று கையாளும் மருந்துகளின் சரித்திரம், அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுவது. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர், மஞ்சட்காமாலை கண்டபோதும் கர்ப்பம் தரித்தபோதும் முடக்குவாத நோயாளிகளின் வேதனை தற்காலிகமாகத் தணிவதைக் கூர்ந்து கவனித்து, உடம்பே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகித்து, ரசாயன அறிஞரான எட்வர்ட் கெண்டலுடன் சேர்ந்து பல ஆண்டுகள் அதைத் தேடினார். 1948 செப்டம்பரில், படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடாக இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு, பிற்காலத்தில் கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற அப்பொருளை ஊசி வழியே செலுத்தினார்கள். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டலுக்கும், ஸ்விட்சர்லாந்தில் இதே துறையில் உழைத்த டாடெயுஷ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முடவர் நடந்தார் என்று உலகம் கொண்டாடிய அந்த ஆனந்தம் நீடிக்கவில்லை. மருந்தைத் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க முகம் உருண்டது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, தொற்றுநோய்கள் எளிதில் பற்றின. நிறுத்தினாலோ நோய் முன்னிலும் உக்கிரமாகத் திரும்பியது. கார்ட்டிசோனின் இனமான ஸ்டீராய்டைப் போல விரைவாக அழற்சியை அடக்கும் மருந்து இன்றளவும் அரிது. அதைப் போல நீண்டகாலம் கொடுக்க அஞ்ச வேண்டிய மருந்தும் அரிது. மூட்டுக்கு மட்டும் மருந்தை அனுப்ப வேண்டும் என்ற ஆசை இந்த முரண்பாட்டிலிருந்தே பிறந்தது என்று கொள்ளலாம்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மற்றொரு மருந்தின் கதை வேறு விதமானது. அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920களில் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்தில் தாம் வழிநடத்திய குழுவைக் கொண்டு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கியதோடு, அந்த அமிலத்தைப் போலவே தோற்றங்கொண்டு அதன் வேலையைத் தடுத்துவிடும் எதிர்ப்பொருள்களையும் ஆக்கச் செய்தார். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின் என்பதைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிக விடுதலை தந்த செய்தி 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரின் முடக்குவாதத்திலும் பயன்படுகிறது என்று 1951இலேயே குப்னர் என்ற வைத்தியர் எழுதியிருந்தும், ஸ்டீராய்டின் ஆரவாரத்தில் அது காதில் விழவில்லை. அதன் உறவுப்பொருளான மெத்தோட்ரெக்ஸேட் 1980களில் முறைப்படி பரிசோதிக்கப்பட்டு, 1988இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்று, இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதன்முதல் கொடுக்கும் மருந்தாக நிலைத்துவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை, கூடவே ஃபோலிக் அமிலமும் கொடுப்பது வழக்கம். தவறித் தினந்தோறும் உட்கொண்டு உயிரிழந்தவர்களும் உண்டு. விலை மலிவு, பலன் பெரிது. எனினும் குமட்டலும் வாய்ப்புண்ணும் ஈரல் பாதிப்பும் பலரை இதிலிருந்து விலகச் செய்கின்றன. உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே சிறுநீரகத்தின் வழியே வெளியேறிப் போக, மூட்டில் சென்று வேலை செய்வது மிகச் சொற்பமே.

1992இல் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தை நோயாளிகளுக்குச் செலுத்தி ஒரு புதிய சகாப்தத்தைத் திறந்தார்கள். எதைத் தாக்க வேண்டும் என்பதில் இம்மருந்துகளுக்கு மிகுந்த துல்லியம் உண்டு. ஆனால் எங்கே தாக்க வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. மூட்டில் கெடுதல் செய்யும் அதே புரதம், நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சிறையிட்டு வைத்திருக்கும் வேலையையும் செய்வதால், அதைத் தடுக்கும்போது உறங்கிக் கிடந்த காசம் விழித்துக்கொள்கிறது. காசநோய் மலிந்த இந்தியா போன்ற தேசங்களில் இது சாமானியமான அபாயம் அன்று.

ஆகவே, புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட, கையிலிருக்கும் மருந்தை இடமறிந்து சேர்ப்பதே மேல் என்ற எண்ணம் பலருக்கு உதித்தது. நோய்க்கிருமியை மட்டும் தேடிச் சென்று தாக்கி, உடம்பைத் தீண்டாமல் விடும் மாயத் தோட்டாவைப் பற்றி ஜெர்மன் அறிஞர் பால் எர்லிஹ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனவு கண்டார். மூட்டு விஷயத்தில் அந்தக் கனவுக்கு மிக எளிய உருவம் கொடுத்தவர் பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர். 1951இல் அவர் ஹைட்ரோகார்ட்டிசோனை நேரே மூட்டுக்குள்ளேயே ஊசியால் செலுத்திக் காட்டினார். இன்றும் அது நல்ல சிகிச்சை. ஆயினும் மூட்டுக்குள் கரைந்த சிறிய மூலக்கூறுகளை நிணநீர்க் குழாய்களும் ரத்தக் குழாய்களும் சில மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. அதோடு இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலுமாக இருபது முப்பது சிறு மூட்டுகள் வீங்கியிருக்கும் ஒருவருக்கு ஒவ்வொன்றிலும் ஊசி குத்திக்கொண்டிருப்பது நடக்கக்கூடிய காரியமும் அன்று.

இந்த இடத்தில் லிபோசோம் என்னும் கொழுப்புக் குமிழி பிரவேசிக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்ரஹாமில் ஆலெக் பாங்கம் என்பவர், உயிரணுச் சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பை நீரில் கலந்தால் அது தானாகவே உள்ளே நீரை அடைத்த குமிழிகளாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். நீரில் கரையும் மருந்தை உள்ளறையிலும் கொழுப்பில் கரையும் மருந்தைச் சுவரிலும் வைக்கலாம் என்பது அதன் பிறகு தோன்றிய யோசனை. 1978இல் டிங்கில் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் கார்ட்டிசால் பால்மிடேட் என்ற ஸ்டீராய்டை லிபோசோமில் வைத்து, அழற்சி கண்ட மூட்டுக்குள் செலுத்திப் பார்த்த ஆராய்ச்சியை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மூட்டழற்சிக்கும் நுண்கலங்களுக்குமான உறவு, பலர் நினைப்பதுபோல நேற்று முளைத்தது அன்று.

இதனினும் கவனிக்கத் தக்கதும், மேலைநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் போகிற போக்கில் கடந்துவிடுவதுமான ஒரு செய்தி ஜப்பானில் நடந்தது. யுடாகா மிசுஷிமா என்ற அறிஞர், டெக்ஸாமெதாசோன் பால்மிடேட்டை சுமார் 200 நானோமீட்டர் அளவுள்ள நுண்ணிய எண்ணெய்த் துளிகளில் கரைத்து, ரத்த நாளத்தின் வழியே செலுத்தும் முறையை வகுத்தார். லிமெதாசோன் என்ற பெயரில் அது அந்நாட்டில் முடக்குவாதச் சிகிச்சையில் நடைமுறைக்கே வந்துவிட்டது. நூதனமான அடையாளக்குறி எதுவும் அதன்மேல் இல்லை. உணவு உண்ண முடியாத நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஏற்றும் கொழுப்புப்பாலைப் போன்ற ஒரு சாதாரண கலவைதான். அழற்சி கண்ட இடத்து மேக்ரோபேஜ் அணுக்கள் அத்துளிகளை விரும்பி விழுங்குவதே அதன் யுக்தி முழுவதும். எளிமையான இந்த உபாயம் நோயாளியின் படுக்கை வரை சென்று சேர்ந்தது. அதற்குப் பின் வந்த எத்தனையோ சிக்கலான சிருஷ்டிகள் ஆராய்ச்சிக்கூடத்து எலியைத் தாண்டவில்லை. என் அபிப்பிராயத்தில், இத்துறை முழுவதையும் மதிப்பிடும்போது மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

ரத்தத்தில் விட்ட துகள் மூட்டினை எப்படிக் கண்டுகொள்கிறது என்ற கேள்வி இயல்பாக எழும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7,000 நானோமீட்டர். வழக்கமான லிபோசோம் ஒன்றின் குறுக்களவு சுமார் 100. ஆகவே எழுபது லிபோசோம்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு சிவப்பணுவின் அகலம் வரும். இந்த அளவை வீணாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்தாறு நானோமீட்டருக்கும் சிறியவற்றைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். இருநூறுக்கு மேற்பட்டவற்றை மண்ணீரல் எளிதில் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்டவை ரத்தத்தில் சுற்றித் திரியலாம். ஆரோக்கியமான ரத்த நாளத்தின் சுவரில் அவை நுழைய வழியில்லை. அழற்சி கண்ட இடத்திலோ நாளத்தின் உட்சுவர் அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடைவெளி காட்டுகின்றன. அந்த இடைவெளிகளின் வழியே துகள்கள் கசிந்து வெளியேறுகின்றன. புற்றுக்கட்டிகளில் இத்தகைய கசிவு இருப்பதை 1986இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்சுமுராவும் ஹிரோஷி மாயேதாவும் எடுத்துக் காட்டியிருந்தார்கள். மூட்டில் நடப்பது அதிலிருந்து ஒரு முக்கியமான விதத்தில் மாறுபடுகிறது என்பதை அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த டாங் வாங் என்பவரின் குழு விளக்கியது. புற்றுக்கட்டியில் நிணநீர் வடிகால் கெட்டுப் போயிருப்பதால் வந்த துகள் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. அழற்சி மூட்டில் வடிகால் வேலை செய்துகொண்டிருந்தாலும், அங்கே குவிந்திருக்கும் அணுக்கள் துகளை விழுங்கித் தம்முள் நிறுத்திக்கொள்கின்றன. ஆக, இலக்கை வகுத்துக் கொடுப்பது நோயே. எந்த மூட்டில் அழற்சி மிகுதியோ அந்த மூட்டில் மருந்தும் மிகுதியாகச் சேரும். மூட்டுகளை எண்ணிப் பார்த்து ஊசி குத்த வேண்டிய அவசியமே எழாது.

இதற்கு ஓர் இன்றியமையாத நிபந்தனை உண்டு. துகள், மூட்டினை அடையும் வரை ரத்தத்தில் தப்பிப் பிழைத்திருக்க வேண்டும். வெறும் லிபோசோமைச் செலுத்தினால், அன்னியப் பொருள் என்று ரத்தப் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ள, ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் அணுக்கள் விரைவில் அதைத் தின்று தீர்த்துவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பிச் சங்கிலிகளைத் துகளின் மேற்பரப்பில் நட்டால் இந்த விழுங்கல் வெகுவாகத் தாமதப்படுகிறது. இந்த யுக்தியால் அமைந்த டாக்ஸில் என்னும் புற்றுநோய் மருந்து 1995இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, நானோ மருந்துகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று.

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்களான மெட்செலார், ஸ்டார்ம் முதலியோர் இதே கலத்தில் புற்றுநோய் மருந்துக்குப் பதிலாக பிரெட்னிசோலோன் பாஸ்பேட்டை அடைத்து, செயற்கையாக மூட்டழற்சி உண்டாக்கிய எலிகளுக்குச் செலுத்தினார்கள். 2003இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை இன்று படிக்கும்போதும் வியப்பளிக்கிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை கொடுத்ததில் ஏறக்குறைய ஒரு வாரம் அழற்சி முற்றிலும் அடங்கியிருந்தது. அதே அளவு மருந்தைக் கலமின்றி வெறுமனே கொடுத்தபோது வீக்கம் குறையவில்லை. தினந்தோறும் கொடுத்தும் சிறிதளவே பயன் கண்டது. புதிய மூலக்கூறு எதையும் அவர்கள் படைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக மருந்துக்கடைகளில் இருந்துவரும் ஒரு பொருளின் பிரயாணத்தை மட்டும் மாற்றினார்கள். அதனால் அதன் குணமே மாறிவிட்டதுபோலத் தோன்றியது. எலியில் கண்ட இந்தச் சிறப்பு மனிதர்களிடத்திலும் அவ்வண்ணமே விளங்குமானால், ஹென்ச் கண்ட ஆனந்தத்தை அதன் தண்டனையின்றி அனுபவிக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. மனிதப் பரிசோதனைகளும் தொடங்கின. ஆனால் லிபோசோமில் அடைத்த பிரெட்னிசோலோன் இதுவரை முடக்குவாதத்துக்கு வழக்கமான சிகிச்சையாக வந்துவிடவில்லை.

நோய் வகுத்துத் தரும் வழியே போதும் என்று இருந்துவிடாமல், துகளின்மேல் அடையாளக்குறி ஒன்றைப் பொருத்தி, குறிப்பிட்ட அணுவை நாடிப் பற்றச் செய்யும் முயற்சியும் பெருகியிருக்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகப் படுவது ஃபோலிக் அமிலத்தைக் குறியாகக் கொள்வது. முடக்குவாத மூட்டில் கிளர்ச்சியுற்ற மேக்ரோபேஜ் அணுக்களின் மேற்பரப்பில், ஃபோலேட் என்றும் வழங்கும் அந்த அமிலத்தைப் பற்றும் பீட்டா வகை ஏற்பி மிகுதியாகத் தோன்றுகிறது. அமைதியான அணுக்களில் அது அவ்வளவாக இல்லை. ஃபோலேட்டுடன் கதிரியக்க டெக்னீசியத்தை இணைத்து நோயாளிகளுக்குச் செலுத்திப் படம் எடுத்தபோது, வீங்கிய மூட்டுகள் தனித்துத் தெரிந்தன. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் பிலிப் லோ இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். சுப்பாராவின் குழு ஆக்கித் தந்த அதே அமிலத்தின் எதிர்ப்பொருளை உள்ளே வைத்து, அந்த அமிலத்தையே வெளியே குறியாகப் பதித்து, மெத்தோட்ரெக்ஸேட்டை மேக்ரோபேஜுக்குள் கொண்டுபோகும் துகள்கள் இன்று பல நாடுகளில் ஆராயப்படுகின்றன. இந்தக் குறியும் பழுதற்றதன்று. ஃபோலேட்டைப் பற்றும் இன்னொரு வகை ஏற்பி சிறுநீரகத்திலும் உண்டு. மற்றக் குறிகளும் பல: புதிதாக முளைக்கும் ரத்த நாளங்களைப் பற்றும் சிறு பெப்டைடுகள், சி.டி.44 என்ற ஏற்பியை நாடும் ஹையலூரானிக் அமிலம், மேக்ரோபேஜின் துப்புரவு ஏற்பிகளை நாடும் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்று நீளுகிறது வரிசை. ஒவ்வொன்றையும் விவரிப்பதில் பெரும் பிரயோஜனம் இல்லை. எலியில் எல்லாமே வெற்றி பெற்றிருக்கின்றன.

எலியில் வெற்றி, மனிதனில் மௌனம் என்ற நிலை ஏன் இப்படித் தொடர்கிறது? காரணங்கள் பல, அவற்றுள் சில அடிப்படையானவை. எலிக்கு உண்டாக்கும் மூட்டழற்சி சில வாரங்களில் கொழுந்துவிட்டு எரிவது. அதன் நாளங்கள் தாராளமாகக் கசிகின்றன. மனிதனுக்கு வருவதோ பல ஆண்டுகள் புகைந்து கிடப்பது. ஒரு மூட்டில் கசிவு மிகுந்தும் இன்னொன்றில் நாரேறி வறண்டும் இருக்கும். துகளின்மேல் நாம் பொருத்தும் குறி ரத்தத்துக்குள் சென்றவுடன் புரதப் போர்வையால் மூடப்பட்டுவிடக் கூடும்; டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைக் குறியாகக் கொண்ட துகள்கள் இவ்வாறு தம் இலக்கறியும் சக்தியையே இழப்பதை டப்ளின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2013இல் நிரூபித்தார்கள். மூட்டழற்சியைவிடப் பன்மடங்கு பணமும் உழைப்பும் செலவிடப்பட்ட புற்றுநோய்த் துறையிலேயே, டொரன்டோவைச் சேர்ந்த வாரன் சானின் குழு பத்தாண்டுக் கால ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடுதான் என்று 2016இல் தெரியவந்தது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்கிறது. இலக்கு நோக்கிய சிகிச்சை என்ற பெயரைக் கேட்டு, மருந்து முழுவதும் அம்பு பாய்வதுபோல மூட்டில் பாய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வெறும் மருந்தைவிடச் சில மடங்கு மிகுதியாக மூட்டில் சேர்கிறது என்பதே இன்றைய உண்மையான சாதனை. நோயாளிக்குச் சில மடங்கே போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சில மடங்கு என்றே சொல்ல வேண்டும்.

போய்ச் சேர்வதும் பயன் தருவதும் ஒன்றாகிவிடா என்பதற்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. முன் சொன்ன பிரெட்னிசோலோன் லிபோசோமை, ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து அழற்சி கண்டிருக்கும் நோயாளிகளுக்கு நெதர்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோது, அத்துகள்கள் குழாய்ச் சுவரின் மேக்ரோபேஜ்களுக்குள் சென்றிருந்தது கண்கூடாகத் தெரிந்தது. அழற்சி மட்டும் தணியவில்லை. 2015இல் வெளிவந்த அந்த முடிவு இத்துறையினர் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது.

நாம் பொருத்தும் பாலிஎத்திலீன் கிளைக்காலையே உடம்பு பகையாகக் கொள்வதும் உண்டு. வாதரத்தம் என்னும் யூரிக் அமில மூட்டழற்சிக்கு 2010இல் அங்கீகாரம் பெற்ற பெக்லோட்டிகேஸ் என்ற நொதிமருந்தில், அந்தச் சங்கிலிக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் உண்டாகி, பலருக்குச் சில மாதங்களில் மருந்து பலனற்றுப் போனது. அதைத் தடுக்க மனிதப் பரிசோதனைகளில் கையாண்ட ஓர் உபாயம் சுவாரசியமானது. ராபமைசின் என்ற மருந்தை அடைத்த நானோ துகள்களை அந்நொதி வகையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் சென்று, அங்கே உள்ள நோயெதிர்ப்பு அணுக்களுக்கு, இந்த மருந்தைப் பகையாகக் கொள்ளாதே என்று பயிற்சி கொடுக்கின்றன. மூட்டுக்குப் போகும் வழியில் தடையாக நின்ற அதே உறுப்புகள் இங்கே சேரவேண்டிய இடமாகிவிட்டன.

இந்தச் சிந்தனை நம்மை இன்னும் ஆழமான ஒரு கேள்விக்கு இட்டுச் செல்கிறது. முடக்குவாதம் மூட்டில் தெரிகிறது. ஆனால் அது மூட்டின் நோய்தானா? மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் சிட்ரூலினேற்றம் என்ற ரசாயன மாற்றம் பெற்ற புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றிவிடுகின்றன; நுரையீரலிலோ ஈறுகளிலோ அதன் வித்து விழக்கூடும் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது; இந்நோயாளிகளுக்கு மாரடைப்பு ஏற்படும் அபாயமும் மற்றவர்களைவிட அதிகம். மூட்டுக்கு மட்டும் மருந்தை அனுப்பி, மற்ற உறுப்புகளை அழற்சியின் வசம் விட்டுவிடுவது சரியான சிகிச்சை ஆகுமா என்ற ஆட்சேபத்தை இலகுவில் தள்ளிவிட முடியாது. இதற்கு மறுபக்கத்திலிருந்து விடை தேடுபவர்கள் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஞ்சனி தாமஸும் அவருடைய குழுவினரும். அவர்கள் லிபோசோமுக்குள் அழற்சியை அடக்கும் மருந்தை மட்டும் வைக்கவில்லை. நோயெதிர்ப்புச் சக்தி எதைத் தவறாகப் பகைத்துக்கொண்டதோ அந்தக் கொல்லாஜன் பெப்டைடையும், வைட்டமின் டி-யின் செயலுருவான கால்சிட்ரியாலையும் சேர்த்து வைத்து, தோலுக்கடியில் செலுத்தி, நிணநீர் முடிச்சுகளில் உள்ள டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களுக்குச் சகிப்புத்தன்மையைக் கற்பிக்க முயல்கிறார்கள். 2022இல் வெளியான முதற்கட்ட மனிதப் பரிசோதனையில் அது தீங்கு விளைவிக்கவில்லை. டி அணுக்களிலும் எதிர்பார்த்த வகையில் மாறுதல் தென்பட்டது. சிறிய பரிசோதனைதான். ஆயினும் இத்துறையில் என் மனம் மிகுதியாக நம்பிக்கை வைப்பது இந்தத் திசையில்தான். ஏனெனில் நுண்கலத்தின் இயற்கையான போக்குக்கு எதிராகப் போராடாமல், அது எங்கே போக விரும்புகிறதோ அங்கே அதற்கு வேலை கொடுக்கிறது.

புதுமைகள் வேறு பலவும் உள்ளன. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுவின் சவ்வை உரித்துத் துகளுக்குப் போர்த்தி, அழற்சிப் புரதங்களை ஏமாற்றித் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும் துகளைக் கலிபோர்னியாவில் லியாங்ஃபாங் ஜாங்கின் குழு 2018இல் எலிகளில் பரிசோதித்துக் காட்டியது. அழற்சி கிளம்பும்போது பெருகும் நொதிகளாலேயே கரைந்து, அப்போது மட்டும் மருந்தை விடுவிக்கும் களிமத்தை அதே ஆண்டில் பாஸ்டனில் அமைத்தார்கள். வலி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் இந்நோய்க்கு அது மிகப் பொருத்தமான கற்பனை. முழங்கால் தேய்மானத்துக்கு 2017இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற ட்ரையம்சினோலோன் துகள்கள் நானோ அளவினவல்ல, அவற்றைவிடப் பெரிய மைக்ரோ துகள்கள். மூட்டுக்குள்ளேயே செலுத்தும்போது பெரிய துகள்தான் வெளியேறாமல் பல வாரம் தங்கியிருந்து மருந்தைக் கசியவிடும். சிறியது எல்லாம் சிறந்தது என்ற மயக்கத்துக்கு அது தக்க மாற்று.

நமது தேசத்தில் இந்தப் பிரச்சினைக்கு வேறொரு முகமும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டும் பிரெட்னிசோலோனும் இங்கே ஏழைகளுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. எதிர்ப்புரத மருந்துகள் பெரும்பாலோருக்கு எட்டுவதில்லை. ஆகையால், எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையையே, சில வேளைகளில் வைத்தியர் சொல்லாமலே, விழுங்கி நாளை ஓட்டுகிறார்கள். ஐம்பது வயதுக்குள் அவர்களுடைய முதுகெலும்பு நொறுங்குகிறது. நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2019இல் வெளியிட்டிருக்கிறது. அந்த நெறிகளின்படி முதலில் நடத்த வேண்டிய பரிசோதனை எது என்று கேட்டால், புதுப்புதுக் குறிகளைப் பொருத்திய இன்னொரு துகளை இன்னொரு எலிக்குச் செலுத்துவதைச் சொல்லமாட்டேன். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டுக்கொண்டே ஸ்டீராய்டையும் விட முடியாமல் தவிக்கும் நடுவயதுப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான மாத்திரையும், மற்றவர்களுக்கு அதே ஸ்டீராய்டை லிபோசோமிலோ மிசுஷிமாவின் கொழுப்புத் துளியிலோ அடைத்த ஊசியும் கொடுத்து, மூட்டு வீக்கம் இரண்டிலும் சமமாக அடங்கும்படி அளவைத் திருத்தி, ஓராண்டு கழித்து அவர்களுடைய எலும்பின் அடர்த்தியையும் ரத்தச் சர்க்கரையையும் அட்ரினல் சுரப்பியின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருந்து எங்கே போயிற்று என்பதற்கு அந்த எலும்புகள் கூறும் விடை, எந்தப் படமெடுக்கும் கருவி கூறுவதைக் காட்டிலும் நோயாளிக்கு நெருக்கமானதாக இருக்கும்.